தட்டில் வளர்ந்த அக்காவின் கண்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று அவள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அவருக்கு இடப்பக்கம் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காபித் தட்டை நீட்டும்போதும் காலண்டரைத்தான் பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண்ணுக்கு இஷ்டமில்லை, கட்டாயப்படுத்தி நிறுத்தியிருக்கிறார்கள் என்று அந்த அம்மா நினைப்பது கதவோரம் நின்ற எனக்கே தெரிந்தது.

உண்மையில் அக்கா அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் கண்ணில் நடுப்பார்வை இல்லை. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மங்கி அழிந்துவிடும், அதற்குப் பக்கத்தில் இருப்பதுதான் தெரியும். ஒருவர் முகம் தெரிய வேண்டுமென்றால் அவருக்கு ஒரு சாண் தள்ளிப் பார்க்க வேண்டும். தரகர் இதைச் சொல்லாமல், கண்ணில் ஏதோ சின்னக் கோளாறு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அப்போது அக்காவே வாயைத் திறந்தாள். "நான் உங்களத்தான் பாத்துட்டு இருக்கறனுங்க. நேராப் பாத்தா எனக்குத் தெரியாது. இப்படிப் பாத்தாத்தான் தெரியும்."

மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு எழுந்து போய்க் காலண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, "இப்பத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"இப்பத் தெரியலீங்க. முன்ன இருந்த எடத்துலயே உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். நீலச் சட்டை, பென்சிலால் கோடு போட்டதுபோல் மீசை என்று அக்கா சரியாகச் சொன்னாள். முதலில் சிரித்தது அந்த அம்மாதான். ஒரு மாதத்தில் கல்யாணம் முடிந்தது.

எங்கள் ஊர் ஏரியூர் பக்கம். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஒன்பதாவது படிக்கும்போது அவள் வகுப்பில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். கரும்பலகையைப் பார்க்கத்தான் அப்படிச் செய்தாள். பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்று டீச்சர் எழுப்பி நிற்க வைத்தார். முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள் அந்த அரையாண்டில் இரண்டு பாடத்தில் தோற்றாள். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று தர்மபுரிக்குக் கூட்டிப்போனார்கள். எந்தக் கண்ணாடிக்கும் எழுத்து வரவில்லை. அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினார்கள்.

பெங்களூர் டாக்டர் ஒரு படத்தைக் காட்டி விளக்கியதாக அம்மா சொல்வாள். கண்ணுக்குள் பின்பக்கம் விழித்திரை என்று ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரைக்கு அடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. திரைக்குச் சோறு போடுவதும் கழிவை அள்ளுவதும் அந்தப் படலத்தின் வேலை. அக்காவுக்கு அங்கே கழிவு தேங்கித் தேங்கி நடுவில் இருக்கும் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. செத்தது திரும்ப முளைக்காது. மருந்து எதுவும் இல்லை, இப்போதைக்கு இல்லை என்றாராம் டாக்டர். அம்மா வருஷக்கணக்கில் அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் கடைசியாக, நீங்கள் இரண்டு பேரும் சொந்தமா என்று கேட்டிருக்கிறார். சொந்த அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன் என்று அப்பா பெருமையாகவே சொன்னார். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். அது என்னவென்று எங்களுக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

அக்கா பள்ளியை விடவில்லை. புத்தகத்தை அவள் படிக்க முடியாது, நான் படித்துக் காட்ட வேண்டும். அவள் பன்னிரண்டாவது முடித்தபோது நான் ஏழாவது. அதனால் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலை ஏழாவதிலேயே முழுசாக ஒரு முறை சத்தமாகப் படித்துவிட்டேன். மைட்டோகாண்ட்ரியா என்ற சொல்லில் நாக்கு சிக்கிக்கொண்டால் அக்கா சிரிப்பாள், திரும்பச் சொல்லச் சொல்வாள். ஒரு முறை கேட்டால் போதும், பாராவை அப்படியே ஒப்பிப்பாள். பரீட்சையில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தாள். எட்டாவதில் அறிவியல் டீச்சர் என்னைப் புத்திசாலி என்று நம்பியதற்கும் அவள்தான் காரணம்.

அதற்குப் பிறகுதான் ஒரு மனக்கஷ்டம் வந்தது. அக்காவை அம்மாவின் தம்பி மகனுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். கண் இப்படி ஆனதும் மாமா வீட்டில் பேச்சு குறைந்தது, பிறகு வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். அக்கா இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்தே கிடந்தாள். மூன்றாம் நாள் எழுந்து தலைக்குக் குளித்துவிட்டு, களி கிண்டவா என்று அம்மாவிடம் கேட்டாள். நீலச் சட்டைக்காரர் வந்து காலண்டருக்கு முன்னால் நின்றது அதற்குப் பின்னால்தான்.

அத்தானுக்குப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையும் இருந்தன. அக்கா அந்த வேலைக்குள் ஒரே வருஷத்தில் முழுதாக இறங்கிவிட்டாள். இலையின் பதம் அவளுக்கு விரலில் தெரியும். புழு இலை தின்னும் சத்தம் மழை தூறுவதுபோல் இருக்கும். அந்தச் சத்தம் குறைந்தால் எந்தத் தட்டில் என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுவாள். கொட்டகை வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர்த் தொட்டி இருக்கும். அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒரு தடவை நலம் விசாரிக்க வந்த அப்பாவையே வாசலில் நிறுத்திக் கால் கழுவ வைத்தாள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கழுவினார்.

நான் கல்லூரியில் பயோடெக்னாலஜி எடுத்தது அக்காவின் கண்ணுக்காக என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட பாடத்தில் இடம் இல்லை, இதில் இருந்தது, அவ்வளவுதான். படித்து முடித்தபின் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று விண்ணப்பித்தேன். முதல் மூன்று மாதம் கண்ணாடிச் சாமான் கழுவி, ஆவியில் வேகவைத்து அடுக்கும் வேலை. அங்கே என்ன வளர்க்கிறார்கள் என்பதே சேர்ந்த இரண்டாம் நாள்தான் தெரிந்தது. ஒருவருடைய ரத்தத்திலிருந்து செல்லை எடுத்து, அது தன் பழைய வேலையை மறந்து குருத்துபோல் ஆகும்வரை பின்னோக்கிக் கொண்டுபோவார்கள். பிறகு அந்தக் குருத்துச் செல்லைப் பல வாரம் பக்குவமாக வளர்த்து, விழித்திரைக்கு அடியில் இருக்கும் அதே பழுப்புப் படலமாக ஆக்குவார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அதுக்கு என்ன தீனி போடறீங்க?"

இளஞ்சிவப்பில் ஒரு சத்துநீர் இருக்கிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பழையதை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், சிலதுக்குத் தினமும் என்றேன். சூடு எவ்வளவு என்று கேட்டாள். முப்பத்தேழு டிகிரி, நம் உடம்புச் சூடு. ஞாயிற்றுக்கிழமை யார் தீனி வைப்பார்கள் என்று கேட்டாள். முறை வைத்து ஒருவர் வர வேண்டும். வெளியாளை உள்ளே விடுவீர்களா? விடமாட்டோம், கையில் ஆல்கஹால் அடித்துக்கொண்டுதான் நாங்களே போவோம்.

"அப்ப நீயும் புழுதான் வளக்கற பாப்பா," என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு வருஷத்தில் நானும் படிப்படியாகச் செல் வளர்க்கும் அறைக்கு முன்னேறினேன். அப்போது எங்கள் தலைமை விஞ்ஞானி, அக்காவுக்கு இருப்பது போன்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து செல் வளர்க்கத் திட்டமிட்டார். பழுதுள்ள செல்லையே தட்டில் வளர்த்தால், எந்த மருந்து கழிவைக் குறைக்கிறது என்று கண்ணைத் தொடாமலே சோதித்துப் பார்க்கலாம். மேடம் என்றுதான் நாங்கள் அந்த விஞ்ஞானியைக் கூப்பிடுவோம். நான் தயங்கித் தயங்கி அக்காவைப் பற்றிச் சொன்னேன். அனுமதி தரும் குழுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். அக்காவிடம் சம்மதம் வாங்குவது நானாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்கள்.

அக்காவும் அத்தானும் ரயிலில் வந்தார்கள். சம்மதப் படிவத்தை வேறொரு பெண் தமிழில் வரிவரியாகப் படித்துக் காட்டினாள். இந்தச் செல்கள் உங்கள் கண்ணுக்குத் திரும்பி வராது, இது ஆராய்ச்சிக்கு மட்டும் என்ற வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அக்கா கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் தாளில் வைத்துவிட்டுப் பார்வையை ஜன்னல் பக்கம் நகர்த்தித்தான் போட்டாள்.

அங்கேதான் அவள் பல வருஷம் மனதில் வைத்திருந்த விஷயம் வெளியே வந்தது. கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார்கள். வேண்டாம் என்று தள்ளிப்போட்டது அக்காதான் என்று அத்தானுக்கு மட்டும் தெரியும். "எனக்கு வந்தது புள்ளைக்கு வந்துரும்னு பயமுங்க," என்று, பரம்பரை நோய் பற்றி விளக்க அங்கே இருந்த ஆலோசகரிடம் சொன்னாள். எனக்குக்கூட அது அன்றுதான் தெரிந்தது.

ஆலோசகர் அத்தானின் ரத்தத்தையும் எடுத்தார். சில வாரம் கழித்து முடிவு வந்தபோது எல்லாரையும் மறுபடி வரவழைத்து உட்கார வைத்துத் தாளில் வட்டமும் சதுரமும் போட்டு விளக்கினார். இந்த நோய் வர ஒரே மரபணு இரண்டு பக்கமும் பழுதாக இருக்க வேண்டும், ஒன்று அப்பா வழியில், ஒன்று அம்மா வழியில். அப்பாவும் அம்மாவும் ஒரே குடும்பம் என்பதால், எப்போதோ ஒரு முன்னோரிடமிருந்த பழுது இரண்டு வழியாகவும் வந்து அக்காவிடம் சேர்ந்துவிட்டது. அத்தானிடம் அந்தப் பழுது இல்லை. குழந்தைக்கு அக்காவிடமிருந்து ஒன்று மட்டும் போகும், ஒன்று மட்டும் இருந்தால் கண் கெடாது.

அக்கா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எங்க அம்மாவோட தம்பி மகனைக் கட்டியிருந்தா?" என்று கேட்டாள்.

அவரிடமும் அதே பழுது இருந்திருக்க வாய்ப்பு உண்டு, அப்படி இருந்தால் குழந்தைகளுக்கு வரக்கூடும் என்றார் ஆலோசகர்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. "நான் ரெண்டு நாள் சோறு திங்காம கெடந்தனுங்க. வேண்டாம்னு சொன்னதுக்கு அவங்க வூட்டு வாசல்ல ஒரு தேங்கா ஒடைக்கணும்." அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரயிலுக்குப் போகும் வழியில் அவர் ஆட்டோவை நிறுத்தி எல்லாருக்கும் கரும்புச்சாறு வாங்கித் தந்தார்.

அக்காவின் ரத்தத்துக்கு ஒரு எண் கொடுத்தார்கள். பெயர் எங்கும் கிடையாது. ஆனால் நான் மனதுக்குள் அக்கா என்றுதான் சொல்லிக்கொள்வேன். குருத்துச் செல் ஆவதற்கே இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அதில் ஒரு பங்கை உறைய வைத்துவிட்டு மீதியைப் படலமாக வளர்க்க ஆரம்பித்தோம். ஆறாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை நான் தட்டை எடுத்தபோது சத்துநீர் கலங்கியிருந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பஞ்சு பறந்ததுபோல் பூஞ்சை. பக்கத்துத் தட்டு, அதற்குப் பக்கத்துத் தட்டு, எல்லாவற்றிலும். யார் கையிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் கையாகவும் இருக்கலாம்.

போனில் அக்காவிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷம் அவள் கொட்டகையில் ஒரு கூட்டம் புழு முழுக்கப் பூஞ்சை பிடித்துச் சுண்ணாம்புக் குச்சிபோல் விறைத்துப்போனதை எனக்குச் சொன்னதே இல்லை, அன்றுதான் சொன்னாள்.

"அழுதுட்டே கழுவு. அழுவறது தப்பில்ல, கழுவாம உட்டாத்தான் தப்பு. எல்லாத்தையும் கொட்டிட்டு மொதல்லருந்து பண்ணு. உறைய வெச்சது இருக்குதில்ல?"

இருந்தது. நாலு பேரும் சேர்ந்து அறையைக் கழுவினோம். அலமாரி, நாற்காலிகளின் சக்கரம், கதவுக் கைப்பிடி எதையும் விடவில்லை. மேடமும் கையுறை போட்டுக்கொண்டு எங்களோடு துடைத்தார். அடுத்த வாரம் உறைய வைத்த செல்லை எழுப்பினோம். அதே வாரத்தில்தான் அக்காவிடமிருந்து இன்னொரு போன் வந்தது. ஐம்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டர் உறுதி செய்துவிட்டார் என்றாள். அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சொன்னாளாம். அதை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை.

இந்தத் தடவை தட்டு தெளிவாகவே இருந்தது. வாரங்கள் போயின. செல்கள் நெருங்கி நெருங்கித் தரை பாவியதுபோல் ஆயின, ஆனால் நிறம் வரவில்லை. நிறம் வந்தால்தான் அது அந்தப் படலம். ஒரு நாள் காலை விளக்கு வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தபோது, பாலாடையில் காபித்தூள் சிந்தியதுபோல் ஓரத்தில் நாலைந்து புள்ளிகள். அழுக்கோ என்று மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். அழுக்கு இல்லை. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பழுப்பு நிறம் ஊறியிருந்தது. நான் கதவைத் திறந்து, மேடத்தை வரச் சொல்லிக் கையை ஆட்டினேன். அவர் வந்து பார்த்தார். பிறகு அறையில் இருந்த எல்லாரும் வரிசையாகப் பார்த்தார்கள். அன்று மதியம் யாரும் டப்பாச் சோறு திறக்கவில்லை, மேடம் எல்லாருக்கும் பிரியாணி சொன்னார்.

அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம். தட்டில் வந்த நிறத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றாள். இந்த நேரத்தில் ரயிலா என்று அம்மா சத்தம் போட்டாள். டாக்டரிடம் கேட்டு, சரி என்றதும் அத்தான் கூட்டிக்கொண்டு வந்தார். செல் அறைக்குள் வெளியாள் போக முடியாது என்று மேடம் சங்கடத்தோடு ஆரம்பித்தார். அக்கா முடிக்கவே விடவில்லை. "நீங்க உட்டாலும் நான் போவமாட்டனுங்க. கொட்டாயிலிருந்து வந்திருக்கறன், என் சீலையில என்ன ஒட்டியிருக்குதோ."

கூட்ட அறையில் பெரிய திரையில் படத்தைப் போட்டோம். அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முகத்தைக் கதவுப் பக்கம் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஆறு பக்கமும் சீராக, ஒன்றோடொன்று பொருந்தி, பழுப்புப் பழுப்பாக அவளுடைய செல்கள். அவள் முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி மூலைமூலையாகப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டுல பதிச்சிருக்கறாங்களே கல்லு, அது மாதிரி இருக்குது," என்றாள்.

மேடம் சிரித்துவிட்டார். எங்கள் துறையிலும் தரையில் பதிக்கும் கல் என்றுதான் இதைச் சொல்வோம் என்றார். அக்காவுக்கு அதில் பெருமை. பிறகு, பதில் தெரிந்திருந்தும் ஒரு கேள்வி கேட்டாள். "இத என் கண்ணுல வெக்க முடியாதுங்களா?"

மேடம் மழுப்பவில்லை. இதை முடியாது, இதிலும் அதே பழுது இருக்கிறது என்றார். பழுதைத் திருத்தி, பத்திரமா என்று பார்த்து, பிறகுதான் கண்ணுக்கு. உலகத்தில் சில இடங்களில் சிலருக்கு இப்படி வளர்த்த படலத்தை வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இன்னும் ஆரம்பக் கட்டம்தான், உங்களுக்கு என்று நான் எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார்.

"செரிங்க," என்றாள் அக்கா. "நாப்பது வயசுக்குள்ள ஆவுதான்னு பாருங்க. அதுக்கப்பறம் எனக்குப் பேரன் பேத்தி பாக்கற வேலை வந்துரும்."

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் வளத்திருக்கற," என்றாள். என் சான்றிதழ்கள் எதுவும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் நானும் போனேன். எதிர் சீட்டில் ஒரு அம்மா, ஓசூரில் ஏறியவர், எத்தனை மாதம் என்று அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். வயிற்றில் ஏழு மாதம், பெங்களூரில் தட்டில் நாலு மாதம் என்றாள் அக்கா. அந்த அம்மாவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள், மைட்டோகாண்ட்ரியாவைக்கூட விடவில்லை. அந்த அம்மா முழுதும் கேட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் முழங்கால் தேய்ந்துபோயிற்று, அதையும் வளர்ப்பார்களா என்று என்னிடம் கேட்டார். எங்கள் இடத்தில் கண் மட்டும்தான் என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் இறங்கும்போது அக்காவுக்கு இரண்டு மாம்பழம் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண் குழந்தை பிறந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மருந்துச் சோதனை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எப்போது முடியும், என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அக்காவின் செல்லோடு இன்னும் மூன்று பேருடைய செல்லும் இப்போது அதே அலமாரியில் வளர்கின்றன.

இந்தப் பொங்கலுக்குத் தீனி வைக்கும் முறை எனக்கு விழுந்தது. ஊருக்கு வர முடியாது என்று சொன்னேன். அக்கா, சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பொங்கலன்று மதியம் சத்துநீர் மாற்றிவிட்டு வெளியே வந்தால், ஆய்வகத்தின் வாசலில் அத்தான் இரண்டு தூக்குப் பாத்திரத்தோடு நிற்கிறார், பக்கத்தில் அக்கா. குழந்தை காவலாளியின் தோளில் இருந்தது, அவருடைய தொப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. விடியற்காலையிலேயே பொங்கல் வைத்து முடித்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார்கள். உணவறையில் வாழையிலை விரித்து எல்லாருக்கும் அக்காவே பரிமாறினாள். ஏதோ ஃபைல் எடுக்க வந்த மேடமும் உட்கார்ந்துவிட்டார். வெல்லம் பாப்பாரப்பட்டிச் சந்தையில் வாங்கியதா, அங்கே நல்லதாக எது கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.